ஐந்து சென்டிமீட்டர் மனிதன்

பினாங்குத் தீவின் தென்கிழக்கில், பாயான் லெப்பாசை அடுத்துப் பத்து மாவுங் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றின்மீது 1930களில் பிரிட்டிஷார் ஒரு கோட்டையைக் கட்டினர். கடல் வழியாக வரும் எதிரிக் கப்பல்களைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால், 1941 டிசம்பரில் போர் மலாயாவுக்கு வந்தபோது ஜப்பானியர் அந்த வழியில் வரவில்லை. வானிலிருந்து ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசினர். நிலப்பகுதியில் தாய்லாந்து எல்லையைக் கடந்து தெற்கு நோக்கி முன்னேறினர். கோட்டை கைவிடப்பட்டது. நெடுங்காலம் காடு மண்டிக் கிடந்த அவ்விடம் இன்று போர் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அதே போரை நினைவூட்டும் வேறொரு பொருளை இவ்வட்டாரத்து அடுக்குமாடி வீட்டு மேசையிலும் காண முடியும். அது ஒரு ஜப்பானியப் பீரங்கி வண்டி. அதன் நீளம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர்தான். நெகிழியால் ஆன அந்த வண்டியை ஒருவர் பல வாரங்கள் உழைத்து ஒட்டி, தேய்த்து, வண்ணம் தீட்டியிருப்பார். பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தோன்றலாம். செய்தவருக்கோ அது அளவும் வரலாறும் பொறுமையும் கலந்த ஒரு பாடம்.

இத்தகைய உருவங்களை அளவு மாதிரிகள் என்பர். உண்மைப் பொருளின் எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால்தான் அது அளவு மாதிரி ஆகும். பீரங்கி வண்டி மாதிரிகளில் மிகவும் பரவலானது 1/35 என்னும் அளவு. உண்மையான வண்டியில் 35 சென்டிமீட்டராக உள்ளது மாதிரியில் 1 சென்டிமீட்டராக இருக்கும். ஜப்பானியப் படை மலாயாவில் பயன்படுத்திய ‘டைப் 97 சிஹா’ என்னும் வண்டியின் நீளம் சுமார் 5.5 மீட்டர். அதை 35ஆல் வகுத்தால் 15.7 சென்டிமீட்டர் கிடைக்கும். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மனிதன் அதன் அருகில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பான்.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது. எடையைக் கணக்கிடும்போது வியப்பு ஏற்படும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 35 மடங்கு சுருங்குவதால் கன அளவு 42,875 மடங்கு சுருங்குகிறது. சிஹாவின் எடை சுமார் 15 டன். அதே உலோகத்தால் 1/35 அளவில் ஒன்றைச் செய்தால் அதன் எடை 350 கிராம் மட்டுமே இருக்கும். அதைவிடச் சிறிய ‘டைப் 95 ஹாகோ’ வண்டியின் கவசத் தகடு, மிகத் தடித்த இடத்திலும் 12 மில்லிமீட்டர்தான். மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே வர வேண்டும். நெகிழியை அவ்வளவு மெல்லியதாக வார்ப்பது கடினம். ஆகவே, எவ்வளவு துல்லியமான மாதிரியிலும் ஏதேனும் ஓர் இடத்தில் உண்மை அளவை விட்டுக்கொடுக்க நேரிடும். எங்கே விட்டுக்கொடுத்தோம் என்பதை அறிந்திருப்பதே நல்ல மாதிரியாளரின் இலக்கணம்.

1/35 என்ற அளவு பிறந்த கதையும் சுவையானது. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946ஆம் ஆண்டு யோஷியோ தமியா என்பவர் மரத் தொழிலில் ஈடுபட்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அந்நிறுவனம் மர மாதிரிகளைச் செய்யத் தொடங்கியது. வெளிநாட்டு நெகிழி மாதிரிகள் சந்தைக்கு வந்ததும் மர மாதிரிகளுக்கு வரவேற்புக் குறைந்தது; நிறுவனமும் நெகிழிக்கு மாறியது. 1960களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட ‘பாந்தர்’ என்னும் ஜெர்மானியப் பீரங்கி வண்டி மாதிரி, மோட்டாரின் உதவியால் ஓடக்கூடியது. மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவே 1/35 என்பர். தேவைக்காக வந்த அந்த எண் பின்னர் உலகெங்கும் பல நிறுவனங்கள் பின்பற்றும் அளவாக நிலைபெற்றது.

மாதிரியின் பாகங்கள் உருவாகும் முறை பாயான் லெப்பாஸ் மக்களுக்கு அந்நியமானதன்று. 1972இல் இங்குத் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கப்பட்டது. அதன்பின் வந்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தேவையான நெகிழிப் பாகங்களை வார்க்கும் தொழிலும் பினாங்கில் வளர்ந்தது. எஃகில் குடைந்த அச்சுக்குள் உருகிய நெகிழியை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவார்கள். அது குளிர்ந்து இறுகியதும் அச்சைத் திறந்து பாகத்தை எடுப்பார்கள். மாதிரி வண்டியின் சக்கரமும் தொலைக்காட்சிப் பெட்டியின் உறையும் இதே முறையில்தான் பிறக்கின்றன. ஒரு பெட்டியை வாங்கித் திறந்தால், நூற்றுக்கணக்கான பாகங்கள் மெல்லிய நெகிழிச் சட்டங்களில் ஒட்டியபடி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. படங்களுடன் கூடிய செய்முறைத் தாள் ஒன்றும் உடன் இருக்கும்.

முதல் வேலை அந்தத் தாளை முழுமையாகப் படிப்பது. பிறகு கூரிய வெட்டுக் குறட்டால் பாகத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டும். இழுத்துப் பிய்த்தால் பாகம் உடையும். வெட்டிய தழும்பை மணல்தாளால் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும். பசை பூசுவதற்கு முன் இரு பாகங்களையும் வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். இதற்குப் பயன்படும் பசை, காகிதம் ஒட்டும் பசையைப் போன்றதன்று. அது நெகிழியின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து, இரண்டையும் ஒன்றாக இறுகச் செய்கிறது. அதனால்தான் அளவுக்கு மீறிப் பூசிய பசை, பாகத்தின் நுண்ணிய வேலைப்பாட்டையே அழித்துவிடும். அதன் ஆவியைச் சுவாசிப்பதும் நல்லதன்று. சன்னலைத் திறந்து வைப்பதும், வண்ணம் தெளிக்கும்போது முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

பினாங்கின் தட்பவெப்பமும் இக்கலையில் பங்கு கொள்கிறது. மழை பெய்து காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் வேளையில் சில வகை வண்ணங்களைத் தெளித்தால், அவை காயும்போது வெண்மை படர்ந்து மங்கிவிடும். அனுபவம் உள்ளவர்கள் வானத்தைப் பார்த்த பிறகே வண்ணப் புட்டியைத் திறப்பார்கள். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இம்மேசைக்கும் பொருந்தும்.

இந்தப் பொழுதுபோக்கைத் தனியாகவும் செய்யலாம். ஆயினும், நண்பர்கள் கூடிச் செய்யும்போதே அது கலையாக வளர்கிறது. வார இறுதியில் ஒருவர் வீட்டிலோ மண்டபத்திலோ கூடுவார்கள். எல்லாரும் ஒரே வண்டியைத் தேர்ந்தெடுத்து, அவரவர் முறையில் செய்து, முடிவில் அருகருகே வைத்துப் பார்ப்பதும் உண்டு. ஒரே பெட்டியிலிருந்து வந்தவை ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும். ஒருவரிடம் மிஞ்சிய பாகம் மற்றொருவரின் உடைந்த பாகத்துக்கு மாற்றாகும். “தம்பி, அவசரப்படாதே. இன்று ஒட்டு; நாளைக்குத் தேய்” என்று மூத்தவர் ஒருவர் சொல்வார். “அங்கிள், இந்த இடைவெளியை எப்படி மறைத்தீர்கள்?” என்று இளையவர் கேட்பார். குறையைச் சுட்டுவோர் அதைத் திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும் என்பதே இங்கு எழுதப்படாத விதி.

வண்ணம் தீட்டும்போதுதான் கடினமான கேள்விகள் எழுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த புதுவண்டியைப் போலத் தீட்டினால் போதுமா? அல்லது போரில் ஓடிய வண்டியாகக் காட்ட வேண்டுமா? போரில் ஓடியது என்றால், எந்த ஊரில், எந்த நாளில்? பாலைவனத்துப் புழுதியின் நிறம் வேறு. மலாயாவின் செம்மண் சேற்றின் நிறம் வேறு. மழையில் ஓடிய வண்டியில் சேறு எங்கே ஒட்டும், துரு எங்கே வழியும், வீரர்களின் காலணி பட்டு வண்ணம் எங்கே தேயும் என்பதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும். விடை தேடிச் செல்பவர் பழைய புகைப்படங்களையும் வரலாற்று நூல்களையும் அடைகிறார். அங்கே வண்டியைவிடப் பெரிய செய்தி காத்திருக்கிறது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. மூன்று நாள்களுக்குப் பின், கெடாவின் ஜித்ராவுக்கு வடக்கே ஜப்பானியப் பீரங்கி வண்டிகள் பஞ்சாப் படைப்பிரிவு ஒன்றைத் தாக்கின. அப்படையில் இருந்த இந்திய வீரர்கள் பலர் அதற்கு முன் பீரங்கி வண்டியையே பார்த்ததில்லை. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், பேராவின் சிலிம் ரிவர் வட்டாரத்தில் மீண்டும் அவ்வண்டிகள் வந்தன. சாலையின் இருபுறமும் இரப்பர்த் தோட்டங்களும் காடும் இருந்தன. நெடுஞ்சாலை நேராக்கப்பட்டபோது கைவிடப்பட்ட பழைய வளைவுச் சாலைகளை ஜப்பானியர் பயன்படுத்தி, தடைகளைச் சுற்றிக் கடந்தனர். எதிர்த்து நின்ற இந்திய, பிரிட்டிஷ் வீரர்களிடம் ஒரு பீரங்கி வண்டிகூட இல்லை. அன்று காலை முடிவதற்குள் அவ்வண்டிகள் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஊடுருவின. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். நான்கு நாள்களில் கோலாலம்பூர் வீழ்ந்தது.

அந்தத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வண்டிகள் கடந்து சென்ற பின்னும் அவர்களின் துன்பம் முடியவில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வராதவர் மிகப் பலர். சீனக் குடும்பங்களில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு வீடு திரும்பாதவர்களின் நினைவு உண்டு. மலாய்க் குடும்பங்களில் அரிசியின்றி மரவள்ளிக் கிழங்கு தின்ற காலத்தின் நினைவு உண்டு. ஒரு மேசையைச் சுற்றிப் பல இனத்தார் அமர்ந்து அதே வண்டிக்கு வண்ணம் தீட்டும்போது, இந்த நினைவுகளும் பேச்சில் வந்து சேர்கின்றன.

எனவே, போர்க் கருவியை அழகாகச் செய்து வைப்பது போரைப் புகழ்வது ஆகாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. வண்டியை மட்டும் பளபளப்பாகச் செய்து, அதன் வரலாற்றை மறந்துவிட்டால் அது வெறும் அலங்காரமே. ஆனால், உண்மையைத் தேடிச் செய்யும் கை, பொய்யைச் செய்யத் தயங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். பினாங்கின் போர்க்காலத்தை ஒரு காட்சியாக அமைக்க விரும்பும் ஒருவருக்கு, கார்ன்வாலிஸ் கோட்டையின் முன்னால் சிஹா வண்டியை நிறுத்தி வைக்கும் ஆசை எழலாம். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால், பினாங்குத் தீவில் பீரங்கி வண்டிப் போர் நடக்கவில்லை. டிசம்பர் 11 முதல் ஜார்ஜ்டவுன்மீது குண்டுகள் விழுந்தன. அந்த மாத நடுவில் ஐரோப்பியர்கள் இரகசியமாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். அப்போது ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். வெள்ளைக் கொடியை ஏற்றச் செய்தார். இல்லாத படையை எண்ணி ஜப்பானியர் நகர்மீது மேலும் குண்டு வீசாதிருக்கவே அவ்வாறு செய்தார். பல இனத்தாரும் இணைந்த சேவைக் குழு ஒன்று அவர் தலைமையில் நகரைக் கவனித்துக்கொண்டது.

ஆகவே, பினாங்கின் காட்சிக்கு வேண்டியது ஒரு கொடிமரமும் அதன் அடியில் நிற்கும் ஒரு மனிதனும்தான். 1/35 அளவில் அம்மனிதனின் உயரம் 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அவனிடம் கவசமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அவனுக்கு வண்ணம் தீட்ட நேரம் அதிகம் தேவைப்படும். சக்கரங்களையும் சங்கிலிகளையும்விட ஒரு முகத்தைத் தீட்டுவது கடினம் என்பதை இக்கலையில் ஈடுபட்ட அனைவரும் அறிவர்.

பத்து மாவுங் குன்றின் கோட்டை மாபெரும் அளவில் கட்டப்பட்டது. அது காத்திருந்த போர் வேறு வழியாக வந்துவிட்டது. மேசைமேல் இருக்கும் மாதிரியோ மிகச் சிறியது. எனினும், அதைச் செய்தவர் எந்த நாள், எந்தச் சாலை, யாருடைய மண் என்று கேட்டுக் கேட்டுச் செய்திருந்தால், அந்தச் சிறிய பொருள் ஒரு பெரிய உண்மையைப் பார்ப்பவர் கண்முன் நிறுத்தும்.