காட்டுக் குடை

தமிழ்ப்பள்ளியில் பனை என்றால் நெடிய மரமாகத்தான் வரைவேன். ஆனால், தண்டு மண்ணுக்கு வெளியே தெரியாத பனையும் நம் நாட்டில் உண்டு. ஜொஹான்னஸ்டைஸ்மானியா மக்னிஃபிகா என்பது அதன் தாவரவியல் பெயர். 1972-இல் ஜான் டிரான்ஸ்ஃபீல்ட் இதற்குப் பெயரிட்டு விவரித்தார். பிளவுபடாத அகன்ற இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியது போலிருக்கும். இந்த இனப் பனைகளை மலாயில் 'டாவுன் பாயுங்', அதாவது குடை இலை, என்பர்.

நண்பர்களே, இதன் கன்றை எங்கு வளர்த்தாலும் அது பிறந்த காட்டின் நிழலையும் ஈரத்தையும் உடன் தர வேண்டும். மலேசியத் தாழ்நிலத்தில் வெப்பமும் ஈரமும் தாமே கிடைக்கின்றன. மர நிழலும், நீர் தேங்காத மக்கிய மண்ணும், காற்று மறைப்பும் நாம் தர வேண்டியவை. கடும் வெயில் இலையைக் கருக்கும். பலத்த காற்று அதைக் கிழிக்கும். வறண்ட நாடுகளில் காற்றின் ஈரத்தையும் நாமே உண்டாக்க வேண்டும். லண்டன் போன்ற குளிர் நகரத்திலோ சூடேற்றிய கண்ணாடி வீடு இல்லாமல் இது பிழைக்காது.

எங்கு வளர்ந்தாலும் இதன் வளர்ச்சி மிக மெதுவானது. காட்டில் ஒரு கன்றைப் பிடுங்கினால், அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். தீபகற்ப மலேசியாவைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. ஆகவே கன்று வாங்கும்முன், நாற்றுப்பண்ணையில் விதையிலிருந்து வளர்த்ததுதானா என்று கேளுங்கள். காட்டிலிருந்து வந்தது என்றால் வாங்காதீர்கள்.