பழைய தையல் யந்திரத்தைச் சீர்படுத்துதல்

கிராம வீடுகளில் பிரயோஜனமின்றி உறங்கும் முதற்பொருள்களுள் பழைய தையல் யந்திரமும் ஒன்று. கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலோ அதுபோன்ற வேறொரு ஊரிலோ, பாட்டனார் காலத்துச் சிங்கர் யந்திரம் பரண்மீது தூசி படிந்து கிடக்கையில், அவ்வீட்டார் புது யந்திரத்திற்கெனக் கடன் மனுச் செய்வாராயின், முதலில் ஆராய வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பழைய யந்திரம் கெட்டுப்போயிற்றா, அன்றி இறுகி மட்டும் நிற்கிறதா? இறுகி நிற்பதே பெரும்பான்மை. அதனைச் சீர்செய்யச் சிறிது எண்ணெயும், ஒரு திருப்புளியும், இரண்டு நாள் பொறுமையும் போதும்.

யந்திரத்தின் வரலாறு

பூட்டுத்தையல் யந்திரத்திற்கு எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் 1846-ல் உரிமைப் பத்திரம் பெற்றார். ஐசக் சிங்கர் 1851-ல் தம் யந்திரத்திற்கு உரிமை பெற்றார். 1856-ல் சிங்கர் கம்பெனியார் தவணை முறையில் விற்கத் தொடங்கவே, ஏழைக் குடும்பத்தாரும் தைத்துச் சம்பாதித்த கூலியிலிருந்தே விலையைக் கட்டலாயினர். யந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளும், 1924-ல் நிகழ்ந்த ஓர் உரையாடலில், சிங்கரின் தையல் யந்திரத்தை விலக்காக வைத்துப் பாராட்டினார். 1930-களில் கல்கத்தாவில் உஷா யந்திரங்கள் உற்பத்தியாகத் தொடங்கின.

சிங்கர் யந்திரத்தின் அடித்தட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து இல்லையேல் அது பெரும்பாலும் 1900-க்கு முற்பட்டது. அவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் நலம்; உதிரிப் பாகம் வாங்குகையில் உதவும்.

இறுகுவதன் காரணம்

இவ்யந்திரங்கள் வார்ப்பிரும்பாலும் எஃகாலும் ஆனவை. எளிதில் தேயமாட்டா. உள்ளே விட்ட எண்ணெய் காலப்போக்கில் உலர்ந்து, தூசியோடும் நூற்பஞ்சோடும் கலந்து, பிசின்போல் பற்றிக்கொள்வதே இறுகுவதற்குக் காரணம். நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் முதலிய தாவர எண்ணெய்கள் விரைவிற் பிசுபிசுப்பாகும். தேங்காயெண்ணெயோ மலைக்குளிரில் உறைந்துவிடும். ஆகையால் சமையலறை எண்ணெயை யந்திரத்திற்கு ஒருபோதும் விடலாகாது. தையல் யந்திரத்திற்கென விற்கும் மெல்லிய எண்ணெயே ஏற்றது.

செய்ய வேண்டிய முறை

முதலாவது, கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் சுற்றியும் ஊசி அசையவில்லையெனில், சக்கரத்தின் நடுவிலுள்ள திருகு தளர்ந்துள்ளது. அதனை முடுக்கினாற் போதும். சக்கரமே அசையாவிடில் பலவந்தம் செய்யாதீர்கள். சுத்தியலால் தட்டுவதும் கம்பியிட்டு நெம்புவதும் வார்ப்பிரும்பை வெடிக்கச் செய்யும். வெடித்தால் பின்னர்ப் பரிகாரம் அரிது.

இரண்டாவது, ஊசியைக் கழற்றி, தட்டுகளைத் திறந்து, பாபின் உள்ள இடத்தையும் துணியை நகர்த்தும் பற்களின் அடியையும் துலக்குங்கள். அங்கே சிக்கிய நூல் துண்டு ஒன்றே முழு யந்திரத்தையும் நிறுத்திவிடக்கூடும்.

மூன்றாவது, எண்ணெய்த் துவாரங்களிலும், உலோகம் உலோகத்தோடு உராயும் இடமெல்லாவற்றிலும் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் சில மணி நேரம் வெயிலில் வைத்தால் பழைய பிசின் இளகும். பின்னர்ச் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். விரலளவு அசைந்தாலும் வெற்றியே. மீண்டும் மண்ணெண்ணெய் விட்டு அசைத்துவர, சிறிது சிறிதாக முழுச் சுற்றும் வரும். அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது. மின்சார மோட்டார் பொருத்தியதாயின் இணைப்பை நீக்குங்கள். மோட்டாரில் மண்ணெண்ணெய் படலாகாது.

நான்காவது, அழுக்கு வடிந்தபின் துணியால் துடைத்து, உரிய எண்ணெயை ஒவ்வோரிடத்தும் இரண்டொரு துளி விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமேயன்றித் தேய்மானத்தைத் தடுக்காது. ஆகவே இப்படி தவறலாகாது. பொன்வண்ணச் சித்திரங்களைச் சாராயம் கலந்த திரவங்களால் துடைத்தால் மெருகு கரைந்துபோம். எண்ணெய்த் துணியே போதும்.

ஐந்தாவது, புது ஊசி பொருத்துங்கள். மிகப் பழைய யந்திரங்கள் சிலவற்றிற்கு ஊசியின் நீளம் வேறுபடும். ஆகவே பழைய ஊசியைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். தண்டில் ஒருபுறம் தட்டையான ஊசியாயின், அத்தட்டைப் பக்கம் அடிநூல் பிடிக்கும் ஷட்டிலை நோக்கியும், நீண்ட பள்ளம் நூல் கோக்கும் பக்கத்திலும் இருத்தல் வேண்டும். இது மாறினால் தையல் விழாது. சாதாரணப் பருத்தித் துணிக்கு 14-ம் எண் ஊசி பொருந்தும்.

ஆறாவது, அழுத்துபாதத்தை உயர்த்தி வைத்து மேல்நூலைக் கோத்து, துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். சிங்கர் யந்திரத்தின் சக்கரம் மேற்புறம் தைப்பவரை நோக்கி வருமாறு சுற்ற வேண்டும். துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், மேல்நூலின் இறுக்கம் குறைவு, அல்லது கோத்த வழி தவறு. இறுக்குத் தட்டுகளின் இடையில் பஞ்சு சிக்கியிருப்பினும் இவ்வாறே நேரும். மிதிக்கும் தோல்வார் தளர்ந்திருப்பின், சிறிது வெட்டிக் குறுக்கிக் கம்பியால் இணைத்துக்கொள்ளலாம்.

எப்போது கைவிடுவது?

வார்ப்பிரும்பு வெடித்திருந்தாலோ, நீண்ட ஓடம் போன்ற ஷட்டில் உள்ள பழைய வகையில் அவ்வோடமே காணாமற்போயிருந்தாலோ, செலவு வரவை மிஞ்சலாம். அப்போது புது யந்திரத்திற்குக் கடன் கேட்பது நியாயமே. வட்டப் பாபின் உள்ள 15-ம் வகையாயின் அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வகையைப் பின்பற்றிப் பல தேசத்தாரும் யந்திரங்கள் செய்தமையால், அதன் பாபினும் ஊசியும் இன்றும் கடைகளிற் கிடைக்கின்றன.

ஓர் எச்சரிக்கை

பழைய சிங்கர் யந்திரத்தில் ‘சிவப்புப் பாதரசம்’ என்னும் விலைமதிப்பற்ற பொருள் இருப்பதாக 2009-ல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவி, ஜனங்கள் பெருந்தொகை கொடுத்து யந்திரங்களை வாங்கினர். அஃது வெறும் புரட்டு. யந்திரத்தின் உள்ளே புதையல் ஏதுமில்லை. இத்தகைய பேச்சை நம்பிப் பணம் கொடுப்பதும், பழைய இரும்பின் விலைக்கு அவசரப்பட்டு விற்பதும் ஒருங்கே நஷ்டம். அதன் மதிப்பு அது தைக்கும் தையலில்தான் உள்ளது.

தமிழ்நாட்டில் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகளைத் தைத்துக் கூலி பெறுகின்றனர். ஓடும் யந்திரம் வீட்டிலுள்ள பெண்ணுக்கே இத்தகைய வேலையில் சேர வழி திறக்கும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க:

1. நம் அங்கத்தினர் வீடுகளில் ஓடாத யந்திரங்கள் எத்தனை?

2. எண்ணெய்க் குப்பி, திருப்புளி, ஊசிகள் ஆகியவற்றைச் சங்கத்தில் பொதுவாக வாங்கி வைக்கலாமா?

3. புது யந்திரக் கடன் மனுவை ஆராயுமுன், பழைய யந்திரத்தை ஒருமுறை பரீட்சிப்பது என்று தீர்மானிக்கலாமா?