குட்டி வீரர்களும் கிழ ஆசான்களும்

சென்ற கோடை விடுமுறையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, எட்டு வயதான என் தம்பி அப்பாவின் துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு முற்றத்துத் தூணை உதைத்துக் கொண்டிருந்தான். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. "என்னடா இது?" என்றேன். கராத்தே கற்கப் போகிறானாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் சிறுவர்களுக்கு வகுப்பு நடத்துகிறாராம். எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த படங்கள் செய்த வேலை. அம்மா என்னைத் தனியே அழைத்து, "நீ படித்தவன், நீ சொல்லு. சேர்க்கலாமா, வேண்டாமா? அடிகிடி போட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. விடுதிக்குத் திரும்பியதும், தம்பியின் மனத்தைக் கெடுத்த அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலானேன். அறைத் தோழர்கள் நகைத்தார்கள். அவர்கள் நகைத்ததும் நியாயந்தான். கதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு சிறுவன், அவனைத் துன்புறுத்தும் போக்கிரிப் பையன்கள், எங்கிருந்தோ வந்து வாய்க்கும் ஒரு கிழவர், கொஞ்சம் பயிற்சி, கடைசியில் வெற்றி. ஆனால் அன்பர்களே, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நாம் எழுந்து போய்விடுகிறோம் அல்லவா? அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் யார், தங்கள் கலையை எப்படிக் கற்றார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். வலியில்லாமல் இக்கலை ஒரு குழந்தைக்கு வருமா என்பதே என் கேள்வி. படங்கள் ஒரு விடை சொல்கின்றன. நடித்தவர்களின் வாழ்க்கை வேறு விடை சொல்கிறது.

முதலில் 1984-ல் வெளிவந்த 'தி கராத்தே கிட்' என்னும் ஹாலிவுட் படத்தை எடுத்துக்கொள்வோம். ஜான் ஆவில்ட்சன் இயக்கியது. டானியல் என்னும் பள்ளி மாணவனுக்கு மியாகி என்னும் ஒகினாவாக் கிழவர் கராத்தே கற்பிக்கிறார். கற்பிக்கும் முறை வேடிக்கையானது. காருக்கு மெழுகு பூசு, துடை; வேலிக்கு வண்ணம் அடி; மரத்தளத்தைத் தேய் என்று நாள் முழுதும் வேலை வாங்குகிறார். பையன் சலித்துச் சண்டைக்கு வரும்போதுதான், அந்த வேலைகளிலேயே தடுப்பு முறைகள் அனைத்தும் கையில் ஏறிவிட்டன என்று தெரிகிறது. அடி இல்லை, வசவு இல்லை. தாய்மார்கள் இப்படத்தை விரும்பியதில் வியப்பில்லை.

இனி நடிகர்களைப் பார்ப்போம். 'கிட்' என்றால் குழந்தை. அந்தக் 'குழந்தை'யாக நடித்த ரால்ஃப் மாக்கியோ 1961-ல் பிறந்தவர். படம் வெளிவந்தபோது அவருக்கு 22 வயது! நம் வகுப்பில் இருந்தால் நம்மில் பலருக்கு அண்ணன். மியாகியாக நடித்த பாட் மோரிட்டாவோ கராத்தே அறிந்தவரே அல்லர். மேடைகளில் சிரிப்புக் கதை சொல்லிப் பிழைத்தவர். அதனாலேயே தயாரிப்பாளர் முதலில் அவரை வேண்டாம் என்றார். கடினமான சண்டை அசைவுகளில் அவருக்குப் பதிலாக நின்றவர் ஃபூமியோ டெமுரா என்னும் உண்மையான கராத்தே ஆசான்.

அப்படியானால் மோரிட்டாவின் பங்கு என்ன? குடித்துவிட்டு, பழைய ராணுவ உடையணிந்து, தம் மனைவியை நினைத்து மியாகி அழும் ஒரு காட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் நாட்டு ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்து வைத்தது. அதே வம்சத்து இளைஞர்களைக் கொண்ட 442-வது படைப்பிரிவோ ஐரோப்பாவில் அமெரிக்காவுக்காகப் போரிட்டது. மியாகி அப்படையில் போரிடும்போது, முகாமில் இருந்த அவர் மனைவி பிரசவத்தில் மாண்டுபோகிறாள், குழந்தையும் மாண்டுபோகிறது. படத்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று இக்காட்சியை வெட்டிவிடக் கம்பெனியார் எண்ணினார்கள். ஆவில்ட்சன் இணங்கவில்லை. நடிகர் இங்கே கற்பனையை அதிகம் நாட வேண்டியிருக்கவில்லை. மோரிட்டாவுக்குச் சிறுவயதில் முதுகெலும்பில் காசநோய். பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே கிடந்தார். நடக்கவே மாட்டார் என்றார்கள். ஒருவாறு எழுந்து நடந்தபோது வயது பதினொன்று. வீட்டுக்கா போனார்? மருத்துவமனையிலிருந்து நேரே, தம் பெற்றோர் அடைக்கப்பட்டிருந்த அரிசோனா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1985-ல் துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. அப்படத்தில் உதைப்பது பையன். படத்தைத் தாங்குவது கிழவர்.

'3 நிஞ்சாஸ்' என்ற 1992-ம் ஆண்டுப் படம் தம்பிக்கு உயிர். எனக்கு அவ்வளவு இல்லை. கோடை விடுமுறையில் தாத்தா வீட்டில் நிஞ்சா வித்தை கற்கும் மூன்று சகோதரர்கள், மிட்டாயும் பொம்மையும் கொண்டு திருடர்களைக் கவிழ்க்கிறார்கள். மூத்தவன் ராக்கி, அடுத்தவன் கோல்ட், எந்நேரமும் தின்றுகொண்டிருக்கும் கடைக்குட்டி டம் டம். வலி என்பது இங்கே திருடர்களுக்கு மட்டுமே உரியது. ஆனால் இத்தொடரின் நடிகர் பட்டியல் சிந்திக்கத் தக்கது. 1994-ல் வந்த இரண்டாம் படத்தில் ராக்கியும் டம் டம்மும் வேறு பையன்கள். 1995-ல் வந்த மூன்றாம் படத்தில் பழைய மூவரே மீண்டும் தோன்றுகிறார்கள். இரண்டாவதற்கு முன்பே எடுத்துப் பின்பு வெளியிட்ட படம் அது. ஆகவே சென்ற படத்தில் வளர்ந்திருந்த கோல்ட் இதில் குறுகிவிடுகிறான்! 1998-ல் நான்காவது வந்தபோது மூவருமே புதியவர்கள். பையன் வளர்ந்தால் வேறு பையன். பெயர் மட்டும் அதே. நான்கிலும் மாறாதவர் தாத்தா ஒருவரே. ஜப்பானியத் தாத்தாவாக வரும் அவர் விக்டர் வோங். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1927-ல் பிறந்த சீன வம்சத்தவர்.

மூன்றாம் படத்தை இயக்கியவர் பெயர் சைமன் ஷீன் என்று வரும். இவர் தென்கொரியாவின் புகழ்பெற்ற டைரக்டர் ஷின் சாங்-ஓக். 1978-ல் முதலில் நடிகை சோய் உன்-ஹீயும், பிறகு அவருடைய முன்னாள் கணவரான ஷின்னும் வடகொரியாவுக்குக் கடத்திச் செல்லப்பட்டார்கள். அங்கே அரசுக்காகப் படமெடுக்க வைக்கப்பட்டார்கள். 1986-ல் வியன்னாவில் காவலரை ஏமாற்றி அமெரிக்கத் தூதரகத்தில் புகுந்து தப்பினார்கள். அத்தகைய மனிதர் பின்னர் அமெரிக்காவில் குழந்தைகளுக்காகத் திருடன்–போலீஸ் படம் எடுத்தார் என்பதை நினைத்தால், படம் சற்று அலுப்பாக இருப்பதைக்கூட மன்னித்துவிடத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னவை ஹாலிவுட் படங்கள். அங்கே சண்டை தெரியாதவரையும் தெரிந்தவராகக் காட்ட வழிகள் உண்டு. ஹாங்காங் படங்களின் நிலை வேறு. அங்கே நடிகரே பாய வேண்டும், நடிகரே விழ வேண்டும். அப்படிப் பாயவும் விழவும் தெரிந்தவர்கள் எங்கிருந்து கிடைத்தார்கள்? இதுதான் என் விசாரணையின் நடுப்பகுதி.

ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவென் என்னும் ஆசான் சீன இசைநாடகப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். நம் பழைய பாய்ஸ் கம்பெனிகளைப் போல, பிள்ளைகள் அங்கேயே தங்கி, உண்டு, உறங்கி, பாட்டும் கரணமும் ஆயுதப் பயிற்சியும் கற்க வேண்டும். ஜாக்கி சான் ஏழு வயதளவில் அங்கே சேர்க்கப்பட்டார். அவர் தந்தைக்கு ஆஸ்திரேலியாவில் அமெரிக்கத் தூதரகத்துச் சமையல் வேலை கிடைத்திருந்தது. ஆகவே பெற்றோர் பத்தாண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பிள்ளையை விட்டுச் சென்றனர். அடித்துத் திருத்த ஆசானுக்கு முழு உரிமை. விடியுமுன் எழுந்தால் நள்ளிரவு வரை பயிற்சி. கையை ஊன்றித் தலைகீழாக நெடுநேரம் நிற்க வேண்டும், தளர்ந்தால் பிரம்பு. தமக்கு முன் சேர்ந்த மாணவரான சாம்மோ ஹங்கும் தாமும் பட்ட பாடுகளை ஜாக்கி 1998-ல் வெளியான தம் சுயசரிதையில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

அப்பள்ளியில் மேடையேறத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர் குழுவுக்கு 'ஏழு சிறு பாக்கியங்கள்' என்று பெயர். எழுவர் என்பது பெயரளவில்தான். ஒருவருக்குப் பதில் ஒருவர் மாறிக்கொண்டே இருந்தார்கள். '3 நிஞ்சாஸ்' பட்டியலில் கண்ட அதே கதை! மாணவர்கள் ஆசானின் பெயரிலிருந்து 'யுவென்' என்பதைத் தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டார்கள். யுவென் பியாவ், யுவென் வா, கோரி யுவென் என்று ஹாங்காங் படங்களில் இத்தனை யுவென்கள் வருவதற்கு இதுவே காரணம். அண்ணன் தம்பிகள் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இசைநாடகத்துக்கு வரும் கூட்டம் குறைந்தபோது, பிள்ளைகள் சினிமாவுக்குச் சென்று அடிவாங்கும் கூலிகளானார்கள். அந்தக் கூலிகள்தாம் பின்னாளில் நட்சத்திரங்களும் டைரக்டர்களும் ஆனவர்கள்.

இப்பள்ளியைப் பற்றி 1988-ல் அலெக்ஸ் லா இயக்கிய 'பெயின்டெட் ஃபேஸஸ்' என்ற படத்தை நம் மன்றத்தார் ஒருமுறை திரையிட வேண்டும் என்பது என் விண்ணப்பம். நான் பார்த்தவற்றுள் இதுவே சிறந்தது. பிள்ளைகளாக நடித்த சிறுவர்கள் நன்றாகவே நடிக்கிறார்கள். ஆனால் பிரம்பேந்திய ஆசான் யூவாக வருபவர் யார்? சாம்மோ ஹங்! அடிவாங்கிய மாணவனே அடித்த ஆசானின் வேடத்தைப் பூண்டிருக்கிறார். பழிவாங்கும் நோக்கம் அந்நடிப்பில் துளியும் இல்லை. பிள்ளைகளை நேசிக்கும், ஆனால் பிரம்பைத் தவிர வேறு மொழி அறியாத, காலம் தம்மைக் கடந்து போவதைக் கண்டு திகைக்கும் ஒரு மனிதரைக் காண்கிறோம். அவ்வேடத்துக்காக அவருக்கு ஹாங்காங்கில் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. உண்மையில் நடந்தது இதைவிடக் கடுமை என்று பழைய மாணவர்கள் சொன்னதும் உண்டு. நன்றியும் வடுவும் ஒரே நெஞ்சில் இருக்கக் கூடும் போலும். எனக்கு இது முழுதும் விளங்கிவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

அதே பள்ளியில் பயின்ற கோரி யுவென் 1995-ல் இயக்கிய படம் 'மை ஃபாதர் இஸ் எ ஹீரோ'. தந்தையாக ஜெட் லி. மகனாகச் ஷியே மியாவ் என்னும் சிறுவன். ஜெட் லியும் எட்டு வயதில் பெய்ஜிங் விளையாட்டுப் பள்ளியில் விடப்பட்டு, 1974-ல் பதினோராம் வயதில் வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சன் முன்னால் வித்தை காட்டியவர். படத்தின் கடைசிச் சண்டையில் தந்தை மகனைக் கயிற்றில் கட்டிச் சுழற்றி எதிரிகள்மேல் வீசுகிறார். அரங்குகள் ஆரவாரித்த காட்சி அது. நானும் முதலில் கைதட்டினேன். அந்தக் கயிற்றின் ஒரு முனையில் இருப்பவரும், கட்டச் சொன்னவரும், இருவருமே எட்டுப் பத்து வயதில் இக்கலைக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் என்று அறிந்தபின், இரண்டாம் முறை பார்க்கையில் கை எழவில்லை.

கடைசியாக ஒன்று. 2010-ல் 'தி கராத்தே கிட்' மறுபடி எடுக்கப்பட்டது. கதை பெய்ஜிங்கில் நடக்கிறது, கற்பிப்பது குங்ஃபூ, பெயர் மட்டும் கராத்தே. சீனாவில் 'குங்ஃபூக் கனவு' என்றே வெளியிட்டார்கள். இம்முறை சிறுவன் உண்மையிலேயே சிறுவன்: ஜேடன் ஸ்மித், படம் எடுக்கும்போது வயது 11. தந்தை வில் ஸ்மித்தும் தாயும் தயாரிப்பாளர்களுள் இருவர். முன்கூட்டியே சில மாதம் முறையாகப் பயின்று நடித்தான். ஆசான் ஹான் ஆக வருபவர் ஜாக்கி சான். மியாகியைப் போலவே இவரும் பிள்ளையை இழந்தவர். தாம் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி மனைவியும் மகனும் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்தக் காரைப் பழுது பார்ப்பதும், நினைவு நாளில் உடைத்து நொறுக்குவதுமாக வாழ்கிறார்.

ஹான் பையனுக்குக் கற்பிப்பது என்ன? சட்டையைக் கழற்று, மாட்டு, கீழே போடு, எடு, மறுபடி மாட்டு. ஒரு அடி கிடையாது. எதிர்த்தரப்புப் பிள்ளைகளின் ஆசானோ இரக்கம் கூடாது என்று முழங்குகிறவர். யூ ரோங்குவாங் அவ்வேடத்தில் அச்சமூட்டுகிறார். போட்டி முடிகிறது. தோற்ற பையன், வாங் ஷென்வெய் என்ற சிறுவன் நடித்தது, தானே கோப்பையை எடுத்து வென்றவனிடம் கொடுக்கிறான். பிறகு அவனும் தோழர்களும் தங்கள் ஆசானை விட்டுத் திரும்பி, ஹானை நோக்கிக் குனிந்து வணங்குகிறார்கள். 1984-ம் ஆண்டுப் படத்தில் அப்படி ஒரு வணக்கம் இல்லை. ஏழு வயதில் பிரம்பின் கீழ் தலைகீழாக நின்ற ஒருவர், பிரம்புக்குப் பயந்த பிள்ளைகளின் வணக்கத்தை ஏற்று நிற்கிறார். முகத்தில் பெரிய பாவனை ஒன்றும் இல்லை. பதிலுக்குத் தலை தாழ்த்துகிறார்.

இரவு பத்து மணிக்கு மேல் அம்மாவுக்குப் போன் செய்தேன். "வகுப்பு நடக்கும்போது சொல்லாமல் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார். தம்பியைப் பார்க்காதே, வாத்தியாரையும் பார்க்காதே; அவர் பக்கத்தில் வரும்போது மற்றப் பிள்ளைகளின் முகம் எப்படி ஆகிறது என்று மட்டும் பார்" என்றேன்.

இரண்டு நாள் போய்ப் பார்த்திருக்கிறாள். தம்பி சேர்ந்துவிட்டான். ஒரு மாதமாக விழவும் எழவும் மட்டுமே சொல்லித் தருகிறார்களாம். உதைக்க இன்னும் விடவில்லையாம். தூண் பிழைத்தது.