பூஞ்சணம் பிடித்த வீடும் உன் கையில் உள்ள உறுதியும்

அன்பு மருமகளுக்கு,

சாய்ந்தமருதில் நீங்கள் வாங்கிய வீட்டில் அலுமாரியை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம் கிடந்ததாக உன் உம்மா சொன்னா. மாப்பிள்ளை சுவரைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்க மேசனைத் தேடுகிறாராம். அதை உடனே நிறுத்தச் சொல். இப்போதைக்கு அந்தச் சுவர்தான் உன் பக்கச் சாட்சி. படுக்கையை மட்டும் வேறு அறைக்கு மாற்று.

கச்சான் அடிக்கிற மாதத்தில் வீடு பார்த்தீர்கள். அந்தக் காற்றில் நம் கரையோரத்தில் எந்தச் சுவரும் காய்ந்துதான் தெரியும். கடலுக்கும் கரைவாகு வயலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம் இது. நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்பு போடாமல் கட்டினால் கல் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். பூச்சில் கடல் மணல் கலந்திருந்தால் உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்த்திகை மழையில்தான் குட்டு வெளிப்படும். வெள்ளையாகப் பொரிந்து தண்ணீரில் கரைந்தால் அது உப்பு. கறுத்தோ பச்சையாகவோ விரலில் அப்பி, புழுங்கிய வாடை அடித்தால் பூஞ்சணம்.

காதி நீதிமன்றம் போகலாமா என்று கேட்டாயாம். அங்கே திருமண விவகாரம்தான். வீடு வாங்கல் விற்றலுக்கு நம் நாட்டில் ரோமன் டச்சுச் சட்டம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் அசையும் பொருளோடு நின்றுவிடும். நமக்கு உதவும் விதி பழையது: ரோமாபுரிச் சந்தையில் அடிமையையும் மாட்டையும் நோயை மறைத்து விற்றவர்களை அடக்கச் சந்தை அதிகாரிகள் போட்ட விதி, ஒல்லாந்தரோடு இங்கே வந்து, 1799இல் ஆங்கிலேயர் வெளியிட்ட பிரகடனத்தால் அவர்கள் காலத்திலும் நிலைத்துவிட்டது.

அதன்படி, சாதாரணமாகப் பார்க்கிறவர் கண்ணில் படாத குறை விற்கும்போதே இருந்திருந்தால் விற்றவர் பொறுப்பு. தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னாலும் விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். குறை மிகப் பெரிதென்றால் விற்பனையையே முறிக்கலாம். தெரிந்தே மறைத்திருந்தால் நட்டஈடும் உண்டு. ‘உள்ளது உள்ளபடி’ என்று உறுதியில் எழுதியிருந்தாலும் மோசடிக்கு அது கவசமாகாது. ஆனால் நீ பார்த்த அன்றே கறை தெரிந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

நம் மார்க்கச் சட்டமான ஃபிக்ஹிலும் இதற்கு இடம் உண்டு. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம். நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் உனக்குத் தெரியும். ஷாஃபி மத்ஹபில் குறை கண்டவர் தாமதியாமல் திருப்ப வேண்டும். நீதிமன்றமும் குறையை அறிந்த பிறகு சும்மா குடியிருந்தவரை விற்பனையை முறிக்க விடத் தயங்கும்.

அதனால் திகதி தெரியும்படி படம் எடு. பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம், ஈரம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு காலப் பழசு என்று எழுத்தில் அறிக்கை வாங்கு. விற்பனைக்குச் சற்று முன் அந்தச் சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்தவர் யாரென்று விசாரி. மறைத்ததை நிரூபிக்க அவர் வாக்குமூலம்போல வேறொன்றில்லை. விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதே. பிறகு சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம். சிறு தொகையென்றால் முதலில் மத்தியஸ்த சபை. அங்கே இணக்கமில்லை என்ற சான்றிதழ் வாங்காமல் வழக்குப் போட முடியாது. பெரிய தொகைக்கு கல்முனை மாவட்ட நீதிமன்றம்.

இன்னொன்று, கசப்பானது. முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நம்மூரில் உண்டு. நீங்களும் அப்படிச் செய்திருந்தால், அதற்கு மேல் கொடுத்த காசை நிரூபிப்பது தனிப் போராட்டம். வங்கி வழியாகப் போன காசுக்குத் துண்டு இருக்கும். கையில் கொடுத்ததற்கு என்ன இருக்கிறது?

என் அபிப்பிராயம்: வீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகாதே. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். சுவரைத் திருத்தும் செலவைக் கணக்கிட்டு அவ்வளவு விலைக் குறைப்பைக் கேள். பள்ளிவாசல் நிருவாகத்தை நடுவில் வைத்தாலும் சரி, இணக்கத்தை எழுத்தில் எடு. மசியாவிட்டால் வழக்கு. காலாவதிச் சட்டப்படி ஏமாற்றுக்கு நட்டஈடு கேட்க இரண்டு ஆண்டுதான், ஆகவே இந்தக் கிழமையே சட்டத்தரணியைப் பார்.

அன்புடன்,
மாமா