நாலு சிலிண்டருக்கு அப்பால்

டீசல் கார் என்றால் லாரிக்குத் தம்பி என்று பலர் முகம் சுளித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஸ்கோடா ஆக்டேவியா இந்தியாவுக்கு வந்தது. 1.9 லிட்டர், 90 குதிரைத்திறன். தாளில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கிருஷ்ணகிரி தாண்டிய ஏற்றத்தில், கியரைக் குறைக்காமலே முன்னால் போகிற வண்டியைக் கடக்கும்போது முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளுமே, அங்கே பிறந்ததுதான் டிடிஐ பித்து, அதாவது ஃபோக்ஸ்வேகன் குழுமத்து டீசல் இன்ஜின் மீதான பித்து. 2010-ல் ஃபோக்ஸ்வேகன் போலோ வந்தது. 2013-ல் அதே உடம்புக்குள் 1.6 லிட்டர் இன்ஜினும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் வைத்து ‘ஜிடி டிடிஐ’ என்று இறக்கினார்கள். மாதத் தவணையில் கார் வாங்குகிறவர்களுக்கும் பித்து தொற்றியது.

இந்தக் கூட்டத்துக்குத் தங்கள் கம்பெனி மீது இருக்கும் விசுவாசம் சாதாரணமானதல்ல. 2015 செப்டம்பரில் மாசுச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் விவகாரம் அமெரிக்காவில் வெடித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். அப்போதும் பித்து இறங்கவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்ததும் கம்பெனியே இங்கே டீசலைக் கைகழுவியது. கையில் இருக்கும் வண்டி போனால் அடுத்தது என்ன என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது. பிடித்த பிராண்டுக்கு வெளியே கனவு காண வேண்டிய கட்டாயம் வந்தது.

அந்தக் கனவுகளைக் கேட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். இவர்கள் ஏங்குவது குதிரைத்திறனுக்கு அல்ல, கூடுதல் சிலிண்டர்களுக்கு. நாலு சிலிண்டர் டீசலில் எவ்வளவு வேகம் போனாலும் ஒரு கரகரப்பு மிச்சமிருக்கும். ஐந்தும் ஆறும் அப்படியல்ல. அதனால்தான் பணம் ஒரு தடையில்லை என்று சொல்லிக் கேட்டால், ‘ஆடி க்யூ7’ என்று ஒருவர் தொடங்குவார். அது அதே குழுமத்து வண்டி, கணக்கில் வராது என்று மற்றவர்கள் உடனே தள்ளிவிடுவார்கள். இத்தனைக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 2006-ல் டீசல் காரை முதன்முதலில் ஜெயிக்க வைத்தது ஆடிதான். 2009-ல் அதே ஆடியைத் தோற்கடித்தது பெஜோ, அதுவும் டீசலில். ஜெயித்த இரண்டு கார்களிலும் பன்னிரண்டு சிலிண்டர். இந்தத் தகவலை ஒரு டிடிஐ-க்காரரிடம் சொன்னால் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்.

இன்னொரு கசப்பும் உண்டு. இன்று எல்லா டீசல் காரிலும் இருக்கும், காமன் ரெயில் என்ற எரிபொருள் செலுத்தும் முறையைப் பயணிகள் காரில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஆல்ஃபா ரோமியோ 156, ஆண்டு 1997. ஃபியட் வளர்த்தெடுத்து பாஷ் நிறுவனத்துக்குக் கொடுத்த தொழில்நுட்பம் அது. ஃபோக்ஸ்வேகன் அதன் பிறகும் பத்து ஆண்டுகள் போலத் தன் பம்ப்-இன்ஜெக்டர் முறையையே பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்விஃப்டிலும் இண்டிகா விஸ்டாவிலும் லீனியாவிலும் ஓடி, ‘தேசிய இன்ஜின்’ என்று கிண்டலாகப் பெயர் வாங்கிய 1.3 மல்டிஜெட்டும் அந்த ஃபியட் பரம்பரைதான். அதை யாரும் கனவு வண்டியாகச் சொல்வதில்லை. ஆனால் எந்த ஊரிலும் யாராவது ஒருவருக்கு அதைப் பிரித்துப் பூட்டத் தெரியும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கனவு வண்டியை வாங்கிய பிறகுதான் உறைக்கும்.

இதை எழுதுபவர் ஒரு 1.6 டிடிஐ வைத்திருந்து, அடுத்ததற்காகப் பல பட்டறைகள் ஏறி இறங்கியவர். அதில் தெரிந்துகொண்டது: ஒவ்வொரு டீசல் இன்ஜினுக்கும் பெயர் போன ஒரு பலவீனம் உண்டு. விலை பேசும் முன்னால் அதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் சில லட்சங்கள்.

பழைய காலத்து ரசிகர்களிடமிருந்து தொடங்கலாம். அவர்களுக்கு மெர்சிடிஸ். ஐந்து சிலிண்டர் டீசலைப் பயணிகள் காரில் வைத்து முதலில் விற்றவர்கள் அவர்கள்தான், 1974-ல். கிரேக்க நாட்டு டாக்ஸி டிரைவர் ஒருவரின் 1976 மாடல் 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004-ல் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. (அந்த வண்டியில் இருந்தது நாலு சிலிண்டர்தான்; ரசிகர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.) இந்தியாவில் 1990-களின் நடுவில் புனேயில் பூட்டி விற்ற டபிள்யூ124 வகை இ250 டீசல் இன்னும் அங்கங்கே ஓடுகிறது. 2.5 லிட்டர், ஐந்து சிலிண்டர். வேகம் கிடையாது, அவசரமும் கிடையாது. இதில் இன்ஜினைப் பற்றிக் கவலைப்படுவது வீண். கவலைப்பட வேண்டியது ரப்பரைப் பற்றி: சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் ஹோஸ், ஏசி குழாய், கதவுப் பீடிங். முப்பது வயதான வண்டியில் இவை எல்லாம் ஒரே ஆண்டில் கையை விரிக்கும். வாங்கும் விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் கிட்டே போகாமல் இருப்பது நல்லது.

இன்றைய ஐந்து சிலிண்டர் மோகம் வேறு இடத்தில் இருக்கிறது. சென்னையை ஒட்டிய மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டவர் 3.2. 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர். அந்த இன்ஜினின் சத்தத்துக்காகவே வாங்கியவர்கள் உண்டு. லாரியும் இல்லாமல், காரும் இல்லாமல், அடித்தொண்டையில் ஒரு உறுமல். பிஎஸ்-6 வந்தபோது அதை நிறுத்திவிட்டு 2 லிட்டர் இன்ஜின் வைத்தார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரில் அடுத்த ஆண்டு உற்பத்தி நின்றது. அதன் பிறகு 3.2-க்குத் தேவை கூடியதே தவிரக் குறையவில்லை.

இதன் பலவீனம் விசித்திரமானது. ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை நீண்ட நேரம் வடியவிடக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் ஃபில்டரை மாற்றிப் புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கட்டும் என்று மதிய சாப்பாட்டுக்குப் போனால், ஆயில் பம்புக்குள் காற்று புகுந்து, அடுத்த ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறாது. இன்ஜின் வறண்டு ஓடும். மற்ற வண்டிகளில் நல்ல மெக்கானிக்கின் அடையாளமாக இருக்கும் பொறுமை இதில் ஆபத்து. பழைய 3.2 பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆயில் எங்கே மாற்றினீர்கள் என்பதுதான். கம்பெனி சர்வீஸா, இந்த இன்ஜினை அறிந்த பட்டறையா, ரோட்டோரக் கடையா என்பதில் பாதி முடிவு தெரிந்துவிடும்.

இனி ஆறு சிலிண்டர். இங்கே பேச்சே கிடையாது, பிஎம்டபிள்யூ 530டி. இதுவும் சென்னைப் பக்கத்து வண்டி. 2007-ல் தொடங்கிய ஆலையில் பூட்டப்பட்டது. 2017-ல் வந்த தலைமுறையில் 265 குதிரைத்திறன், 620 நியூட்டன் மீட்டர். போலோ ஜிடியின் இழுவையைப் போல இரண்டரை மடங்கு. ஆனால் ஒரு டிடிஐ-க்காரர் முதன்முறை அதை ஓட்டிவிட்டு இறங்கும்போது வேகத்தைப் பற்றிச் சொல்வதில்லை. ‘டீசல்னே தெரியலை’ என்பார்.

இதற்கும் பலவீனம் உண்டு. பழைய 530டி-களில், இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் ஸ்வர்ல் ஃப்ளாப் என்ற சின்ன உலோகத் தகடுகள் உடைந்து சிலிண்டருக்குள் விழுந்துவிடக்கூடும். விழுந்தால் இன்ஜின் காலி. அவற்றைக் கழற்றிவிட்டு அடைப்பு வைப்பது உலகம் முழுக்கப் பழக்கமான வைத்தியம். வாங்கப்போகும் வண்டியில் அது செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குப் பின் வந்த இன்ஜினில் டைமிங் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்துவிட்டார்கள். டிடிஐ-க்காரர்களுக்குப் பழக்கப்பட்டது முன்பக்கத்து டைமிங் பெல்ட். கணக்கு வைத்து மாற்றிக்கொண்டே போகலாம். பின்பக்கச் செயினை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். இந்தச் சிக்கலில் அதிகம் பெயர் கெட்டது ஆறு சிலிண்டர் அல்ல. அதே காலத்து நாலு சிலிண்டர் 320டி, 520டி. குறைந்த விலையில் பிஎம்டபிள்யூ என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவை அவைதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில், இன்ஜினின் பின்புறத்திலிருந்து சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

முதல் ஸ்டார்ட் என்றதும் ஒரு எச்சரிக்கை. விற்பவர்கள் வண்டியை முன்கூட்டியே சூடேற்றி வைத்திருப்பார்கள். போனவுடன் பானெட்டைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து புகை விட்டு விட்டு வெளியே தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சைலன்ஸரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது, விலை குறைக்கவும் உதவும். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் வயதான மெக்கானிக் சொன்னது வேறு எங்கும் கேட்காதது: “சார், எல்லாரும் ஸ்டார்ட் ஆகுற சத்தத்தைக் கேக்கறாங்க. நீங்க ஆஃப் பண்ற சத்தத்தைக் கேளுங்க.” இன்ஜின் நிற்கும் அந்த ஒரு நொடியில் ‘கடகட’ என்று உலோகம் மோதினால் ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் போய்விட்டது. கிளட்சோடு சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

ஜப்பான் பக்கம் சாய்கிறவர்கள் தனி ரகம். அவர்களுடைய சாமி டொயோட்டா லேண்ட் க்ரூஸர், அதிலும் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் வைத்த பழைய தலைமுறைகள். இன்றைய லேண்ட் க்ரூஸர் 300 வாங்க 2 கோடிக்கு மேல் வேண்டும், ஆகவே அது பேசுவதற்கு மட்டும். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மிட்சுபிஷி பஜேரோ 2.8. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டிய வண்டி. அதைப் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜினுக்கு முன் ரேடியேட்டரைப் பாருங்கள். ஒரு தடவை கொதித்த பழைய டீசலின் சிலிண்டர் ஹெட்டை நம்ப முடியாது. இசுஸு வி-க்ராஸ் இருக்கிறது, தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் தயாராவது. பின்னால் சரக்குத் தொட்டி உள்ள வண்டியை வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் அதன் ஒரே சிக்கல்.

குறைந்த செலவில் பெரிய வேகம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஷெவர்லே க்ரூஸ் என்ற பெயர் வரும். பிந்தைய மாடலில் 166 குதிரைத்திறன். ஆனால் கம்பெனி 2017-ன் கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. இயந்திரப் பாகம் எப்படியாவது கிடைக்கும். ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி போன்றவைதான் ஆளை அலைய வைக்கும். சென்னைப் புதுப்பேட்டையில் தேடிக் கிடைக்காதது வேறெங்கும் கிடைக்காது என்பார்கள். க்ரூஸ் வைத்திருப்பவர்கள் அதற்கும் மேலே டெல்லி வரை ஆள் விடுகிறார்கள்.

டெல்லி என்றதும் அங்கிருந்து வரும் வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பிறகு அந்த விதி இறுகியும் தளர்ந்தும் வந்திருக்கிறது. அதனால் அங்கே அடிமாட்டு விலைக்கு விற்கப்படும் 530டி-களும் எண்டவர்களும் லாரியில் ஏறித் தெற்கே வருகின்றன. விலை ஆசை காட்டும். தடையில்லாச் சான்று கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் உள்ளூர் வண்டியே மலிவாக இருக்கக்கூடும். பதினைந்து வயதைத் தாண்டினால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. பசுமை வரி தனி.

புது வண்டியே வேண்டும் என்பவர்களுக்குக் கதவு வேகமாக மூடிக்கொண்டு வருகிறது. ஐந்து சிலிண்டர் டி5 இன்ஜினால் பெயர் வாங்கிய வால்வோ, 2024 மார்ச்சில் தன் கடைசி டீசல் காரைத் தயாரித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டது. ஹூண்டாய் வெர்னாவில் 2023-லிருந்து டீசல் இல்லை. எதிர்பாராத இடத்தில் திறந்திருப்பது மஹிந்திரா. எக்ஸ்யூவி 700-ன் 2.2 டீசல் ஆட்டோமேட்டிக்கில் 185 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர். நாலு சிலிண்டர்தான், செங்கல்பட்டு ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி. ஜெர்மன் வண்டியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் சத்தமில்லாமல் இதற்கு மாறியிருக்கிறார்கள்.

மாறுகிறவர்கள் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். புதிய டீசல்களில் புகைக் குழாயில் துகள் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி தானே எரிந்து தீர, அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போகிற குடும்பத்துக்கு டீசல் வேண்டாம், என்ன ஆசை இருந்தாலும். 2023 ஏப்ரலில் மாசு விதி மேலும் இறுகிய பிறகு பல வண்டிகளில் ஆட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும். அது அடியோடு தீர்ந்துவிட்டால், வண்டியை நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதற்குத் தனித் தொட்டி, நீல நிற மூடி; பல வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதை டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை எல்லாம் போகும். பங்கில் ஊற்றுகிற பையனை நம்பி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், இறங்கிப் பக்கத்தில் நில்லுங்கள். தவறிப்போய் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தால் இன்ஜின் தப்பிக்கும்.