எந்த ஊர்க் கணக்கு, கயல்?

அன்புள்ள கயலுக்கு அத்தை எழுதுவது.

"புதுவையில் குற்றங்கள் அதிகரிப்பு" என்று உன் பெயரோடு வந்த செய்தியை உங்கப்பா தெரு முழுக்கக் காட்டியாயிற்று. எனக்கும் பூரிப்புதான். காலையில் ஒரு வாய் இட்லிகூட வைக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறாயாமே, அதை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன். இப்போது செய்தியைப் பேசலாம்.

வழக்கு எத்தனை என்று எழுதியிருக்கிறாய். எந்த ஊர் வழக்கு, கண்ணு? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் மாநில வாரிப் பட்டியலைப் பார்த்தால் புதுச்சேரிக்கு ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குள் காரைக்கால் இருக்கிறது, கேரளக் கரையில் கிடக்கும் மாகே இருக்கிறது, கோதாவரி ஓரத்து ஏனாமும் இருக்கிறது. நீயோ பக்கத்தில் நம் கடற்கரைச் சாலைப் படத்தைப் போட்டுவிட்டாய்.

அடுத்தது, ஜனத்தொகையைக் காணோம். இந்த நாலு ஊரும் சேர்ந்து 2001-இல் 9.74 லட்சம் பேர், 2011-இல் 12.48 லட்சம். பத்து வருடத்தில் நூற்றுக்கு 28 பேர் கூடினோம். தமிழ்நாட்டில் அப்போது 16-கூட ஆகவில்லை. ஆள் கூடினால் வழக்கும் கூடத்தானே செய்யும்? அதனால்தான் லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு சங்கடம். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. வகுப்பதெல்லாம் மதிப்பீட்டு எண்ணால்தான். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே பிறப்பையும் இறப்பையும் மேரி என்கிற நகரமன்றத்தில் எழுதிவைத்த ஊரடி இது. நமக்கே இந்த நிலை என்றால் மனசு ஆறவில்லை.

ஊருக்குள்ளேயும் ஜனம் இடம் மாறிவிட்டது. 2001-இல் புதுச்சேரி நகராட்சியும் உழவர்கரை நகராட்சியும் ஏறக்குறைய சரிசமம், தலா 2.2 லட்சம். 2011-இல் புதுச்சேரி நகராட்சி 2.44 லட்சத்தில் நிற்க, உழவர்கரை 3 லட்சத்தைத் தொட்டது. எல்லை எது என்பதையும் பார்: முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். அங்கே அறுத்த சங்கிலி தமிழ்நாட்டுக் கணக்கு, நாலு தெரு இந்தப் பக்கம் அறுத்தால் நம் கணக்கு. சனி ஞாயிறானால் சென்னையும் பெங்களூரும் கடற்கரையில்தான் நிற்கின்றன. அவர்களிடம் திருடிய செல்போன் நம் ஸ்டேஷனில் வழக்காக ஏறும், அவர்கள் தலை நம் ஜனத்தொகையில் ஏறாது.

வழக்கு கூடியது என்றதுமே ஊர் கெட்டுவிட்டது என்று எழுதிவிடாதே. புருஷன் அடித்தால் அம்மா வீட்டுக்குப் போய் அழுதுவிட்டுத் திரும்பிய பெண்களை இதே தெருவில் நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ஒருத்தி மகளிர் காவல் நிலையத்தின் படியேறி எழுதிக் கொடுத்தால் எண் கூடத்தான் கூடும். எனக்கு அது நல்ல சேதி. கொலையை மட்டும் தனியாகப் பார். மற்றவற்றைவிட அதை மூடி மறைப்பது கஷ்டம், அதனால் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். ஆனால் நம்முடையது சின்ன பிரதேசம். நாலைந்து கூடினாலே சதவீதம் எகிறிவிடும். ஐந்து வருடத்தை வரிசையாக வைத்துப் பார்க்காமல் பேனாவைத் திறக்காதே.

கைப்பையில் ஒரு சின்ன நோட்டு போட்டுக்கொள். கிடைக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த வருடம், எந்த எல்லை என்று அன்றைக்கே எழுது. பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி புத்தகம் தேடிய பழக்கம் இங்கே ஆகாது, செல்லம். நீ அவசரத்தில் எழுதும் ஒரு தலைப்பை நம்பி, ஒரு தகப்பன் மகளை டியூஷனுக்கு அனுப்ப மாட்டேன் என்று நிறுத்திவிடுவான்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஆம் தேதியை வைத்து. அந்த எண் வெளிவரும்வரை, வகுத்தது மதிப்பீட்டு ஜனத்தொகையால் என்று ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வரி சேர். இடமில்லை என்று ஆசிரியர் வெட்ட வந்தால், தலைப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள் ஐயா, இந்த வரி இருக்கட்டும் என்று கேள்.

உன் அத்தை