உறுமும் ஒலிபெருக்கி

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005இல், காரைதீவில் ஒரு தற்காலிகக் கொட்டிலில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. விதைநெல் கொடுக்கும் நாளையும் இடத்தையும் அறிவித்தார்கள். நான் கட்டிக்கொடுத்த அம்பிளிபயர் 'ம்ம்ம்' என்று உறுமியதில் பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் திகதி விளங்கவில்லை. சற்று நேரத்தில் பெட்டிக்குள் 'டப்' என்றொரு வெடி, புகை. திகதி தெரியாமல் போன சில குடும்பங்கள் விதைநெல்லுக்குப் பிந்தி வந்தன. பிழை என்னுடையது. மலிவு என்று தவறான கொள்ளளவி வாங்கியிருந்தேன். கடையில் இதைக் கண்டென்சர் என்றோ கப்பாசிற்றர் என்றோ கேட்க வேண்டும்.

உறுமல் எங்கிருந்து வருகிறது? நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறி ஓடுவது. ட்ரான்ஸ்போமர் அதை 12 வோல்ற்றாகக் குறைக்கிறது. நான்கு டயோட்டுகள் அதை ஒரே திசையில் திருப்புகின்றன. ஆயினும் அது வினாடிக்கு 100 தடவை எழுந்து விழுந்தபடியே வருகிறது. அதுவே ஸ்பீக்கரில் உறுமலாகக் கேட்கிறது. (ஒலியைக் கணக்காகப் பார்ப்பது இவ்வூருக்குப் புதிதல்ல. 1892இல் இங்கு பிறந்த சுவாமி விபுலாநந்தரின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது.)

துலாவால் இறைக்கும் தண்ணீரை நேரே வாய்க்காலில் விட்டால் விட்டுவிட்டுத்தான் பாயும். தொட்டியில் ஊற்றித் திறந்தால் சீராகப் பாயும். அந்தத் தொட்டிதான் கொள்ளளவி.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அம்பிளிபயர் ஒரு அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 1000 மைக்ரோபரட் போட்டால் மின்னழுத்தம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 10 வோல்ற்று வரை சரியலாம்; பாட்டு நாசம். 2200 போட்டால் 4.5, 4700 போட்டால் 2 வோல்ற்று அளவில் நிற்கும். சிறிய 4440 பலகைக்கு 4700 போதும். அதற்கு மேல் பணத்தைக் கொட்ட வேண்டாம். மிகப் பெரியதைப் போட்டால் சுவிச்சைப் போடும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரம் டயோட்டைத் தாக்கும். ஒரு அம்பியர் டயோட்டை விட 3 அம்பியர் டயோட்டே நல்லது.

நான் விட்ட பிழை வோல்ற்றில். 12 வோல்ற்று ட்ரான்ஸ்போமர்தானே என்று 16 வோல்ற்று கொள்ளளவி போட்டேன். டயோட்டுகளைத் தாண்டியதும் அந்தப் 12 ஏறக்குறைய 16 ஆகிவிடும். பாரம் குறைந்தால், ஊர் மின்சாரம் கூடினால், இன்னும் ஏறும். ஆகவே 25 வோல்ற்று என்று எழுதியதையே வாங்குங்கள். உடம்பில் கோடு போட்டுக் கழித்தல் குறி இட்ட கால் எதிர்முனைக்கு. மாற்றிப் பொருத்தினாலும் வெடிக்கும். தலை உப்பியது, அடியில் கசிந்தது, ஆண்டுக்கணக்காகக் கிடந்தது ஆகியவற்றை வாங்க வேண்டாம்.

ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை. ஒலியளவைக் கூட்டக் குறைக்க உறுமலும் கூடிக் குறைந்தால் பிழை பெரும்பாலும் மைக் வயரில் அல்லது அதன் வலைக்கவசத்தில். உறுமல் மாறாமல் நின்றால் மின்வழங்கலைச் சந்தேகிக்கலாம். உழவு இயந்திரத்தின் 12 வோல்ற்று பற்றரி இருந்தால் இன்னும் நிச்சயம். பிளக்கைக் கழற்றிவிட்டு, 3 அம்பியர் பியூஸ் ஊடாக, கொள்ளளவியின் இரு கால்களுக்கும் கூட்டலும் கழித்தலும் பார்த்துப் பற்றரியைக் கொடுங்கள். உறுமல் போனால் கொள்ளளவியை மாற்றலாம். போகாவிட்டால் அதற்குச் செலவழிக்காதீர்கள். மின்சாரம் இல்லாத இடத்தில் பற்றரியிலேயே கூட்டத்தை நடத்தி முடிக்கலாம்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்து கொள்ளளவி கழற்றும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் மின்வழங்கலில் உள்ள பெரிய கொள்ளளவி 300 வோல்ற்றுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உள்ளே நிற்கும், ஆளைக் கொல்லக்கூடியது. வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.